கட்டி கையில் தட்டுப்பட்ட பிறகு

என் வளர்ப்பு எலி மல்லிக்கு அப்போது 19 மாதம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தோளில் ஏறி உட்கார்ந்திருந்தவளை இறக்கிவிடும்போது இடது முன்னங்காலின் அடியில் வேர்க்கடலைப் பருப்பு அளவில் ஏதோ உருண்டது. விரலால் தொட்டால் நழுவியது. அவளுக்கு வலித்ததாகத் தெரியவில்லை. என் விரலை இரண்டு முறை நக்கிவிட்டுக் கூண்டுக்குள் ஓடிவிட்டாள். கொழுப்புக் கட்டியாக இருக்கும், பார்த்துக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். 5 வாரம் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அதற்குள் அது எலுமிச்சம்பழம் அளவுக்கு வளர்ந்து, அவள் நடக்கும்போது தரையில் உரசத் தொடங்கியிருந்தது.

அந்த 5 வாரங்களை நினைத்துத்தான் இந்த அத்தியாயத்தை எழுதுகிறேன். நான் எதையும் முடிவு செய்யவில்லை என்று எண்ணிக்கொண்டிருந்த நாட்களில், எனக்காகக் கட்டி முடிவு செய்துகொண்டிருந்தது. எலி 2 முதல் 3 ஆண்டு வாழும் உயிர். நமக்கு ஒரு மாதம் என்பது அதற்கு ஒரு மாதம் இல்லை. அறுவை சிகிச்சை வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ நீங்கள் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் சரி, கட்டி தட்டுப்பட்ட வாரத்திலேயே மருத்துவரிடம் போய்விடுங்கள்.

அது என்ன கட்டி?

பெண் எலிக்குக் கட்டி என்றால் பெரும்பாலும் பால் சுரப்பியில் வருவதுதான். வயிற்றுப் பக்கம் மட்டும் தேடினால் தவறவிட்டுவிடுவீர்கள். எலிக்கு 6 ஜோடி முலைக்காம்புகள். அவற்றைச் சுற்றியுள்ள சுரப்பித் திசு கழுத்தடியிலிருந்து தொடை இடுக்கு வரை ஓடி, விலா வழியாகத் தோள் பக்கமும் ஏறுகிறது. ஆகவே அக்குள், கழுத்தோரம், விலா, வால் தொடங்கும் இடத்துக்கு அடியில் என எங்கு வேண்டுமானாலும் இந்தக் கட்டி வரலாம்.

இவற்றில் மிகப் பெரும்பாலானவை ஃபைப்ரோஅடினோமா எனப்படும் சாதுவான கட்டிகள். நுரையீரலுக்கோ கல்லீரலுக்கோ பரவாது, சுற்றியுள்ள தசையைத் துளைத்துக்கொண்டும் போகாது. தோலுக்கும் தசைக்கும் நடுவே, உறைக்குள் இருக்கும் ரப்பர் பந்து போல உருண்டு நகரும். சாதுவானது என்றதும் மனம் ஆறிவிடுகிறது. ஆனால் அது வளர்வதை நிறுத்துவதில்லை. எலியின் எடையில் பாதி, சில சமயம் எலியின் எடையளவே கூட வளர்ந்துவிடும். பரவாத கட்டியும் தன் கனத்தாலேயே எலியைக் கொல்லும்.

நகராமல் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கிற, மேடுபள்ளமாகக் கல் போல் இருக்கிற, சின்ன அளவிலேயே தோலைப் புண்ணாக்குகிற கட்டிகளைச் சந்தேகத்துடன் பார்க்க வேண்டும். காதுக்குக் கீழே வருகிற கட்டியை இன்னும் அதிகமாகச் சந்தேகிக்க வேண்டும். அங்கே ஸிம்பல் சுரப்பி என்று ஒன்று இருக்கிறது. அதில் வருவது பெரும்பாலும் புற்றுநோய்தான், முழுதாக எடுப்பதும் கடினம். அதே இடத்தில் வெறும் சீழ்க்கட்டியும் வரும் என்பதால் கண்ணால் பார்த்து மட்டும் தீர்ப்பு எழுதக் கூடாது. ஆண் எலிக்கும் பால் சுரப்பிக் கட்டி வரும். ஆனால் குறைவு. ஆண்களிடம் சண்டைக் கடியால் வந்த சீழ்க்கட்டியும் தோலடிக் கொழுப்புக் கட்டியும் சேர்ந்து குழப்பும்.

மருத்துவர் மெல்லிய ஊசியைக் கட்டிக்குள் செலுத்திக் கொஞ்சம் உறிஞ்சிப் பார்ப்பார். ஒரு நிமிட வேலை, மயக்க மருந்துகூடப் பெரும்பாலும் தேவைப்படாது. சீழாக இருந்தால் தயிர்க்கட்டி போலக் கெட்டியாக வெளியே வந்துவிடும். அப்படியானால் இந்த அத்தியாயம் உங்களுக்குத் தேவையில்லை, நிம்மதியாக அடுத்ததற்குப் போகலாம். சீழ் இல்லை என்பதை ஊசி நன்றாகவே சொல்லிவிடும். சாதுவானதா புற்றா என்பதை அது எப்போதும் உறுதியாகச் சொல்வதில்லை.

ஏன் சின்னதாக இருக்கும்போதே

350 கிராம் எலியின் உடலில் ஓடும் ரத்தம் மொத்தம் ஏறத்தாழ 22 மில்லிலிட்டர். நான்கரைத் தேக்கரண்டிக்குக் கொஞ்சம் குறைவு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு தேக்கரண்டி போனாலே உயிருக்கு ஆபத்து. சுண்டைக்காய் அளவுக் கட்டிக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் நூல் போல இருக்கும். எலுமிச்சை அளவுக் கட்டிக்கு அவை தடித்துப் பலவாகிவிடும். ஒவ்வொன்றையும் கட்டிய பிறகுதான் வெட்ட வேண்டும். மேசையில் கிடக்கும் நேரம் நீளும், உடல் குளிரும், கட்டியை எடுத்த பின் மிச்சமிருக்கும் பள்ளத்தில் நீர் கோர்க்கும். மல்லிக்கு முதல் வாரத்தில் கால் மணி நேரத்தில் முடிந்திருக்க வேண்டியது ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எடை ஏமாற்றும். மல்லியை வாரந்தோறும் சமையலறைத் தராசில் நிறுத்துக்கொண்டுதான் இருந்தேன். எடை குறையவே இல்லை என்று மகிழ்ந்தும் இருக்கிறேன். கட்டியை எடுத்த பிறகுதான் தெரிந்தது, கட்டி ஏறியிருந்த அளவுக்கு அவள் உடல் இறங்கியிருந்தது. கட்டி உள்ள எலியின் நிலையைத் தராசு சொல்லாது. முதுகெலும்பின் மேல் விரலை ஓட்டிப் பாருங்கள். எலும்பு முனைகள் ஒவ்வொன்றாகத் தட்டுப்பட்டால் கட்டி எலியைத் தின்றுகொண்டிருக்கிறது என்று பொருள்.

வயதைப் பார்க்காதீர்கள், எலியைப் பாருங்கள்

நாங்கள் முதலில் போன மருத்துவர், "வயசாகிவிட்டது, விட்டுவிடுங்கள்" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். எலிகளை அவர் அதிகம் பார்த்ததில்லை. ஆனால் வயது ஒரு நோய் இல்லை. 24 மாதத்தில் கயிற்றில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும் எலியும் உண்டு, 15 மாதத்தில் மூச்சு வாங்கும் எலியும் உண்டு. முன்னதை நான் மேசைக்கு அனுப்புவேன், பின்னதை அனுப்பத் தயங்குவேன்.

வீட்டிலேயே செய்துபார்க்கக்கூடிய இரண்டு சோதனைகள் இருக்கின்றன. மருத்துவரிடம் போகும் முன்பே செய்துவிடுங்கள். அங்கே போனால் எலி பயத்தில் உறைந்திருக்கும், எதுவும் சரியாகத் தெரியாது.

முதலாவது மூச்சு. வீடு அடங்கிய பிறகு எலியைக் கையில் எடுத்து, அதன் விலாவில் உங்கள் காதை வைத்துக் கேளுங்கள். நல்ல நுரையீரலில் ஒன்றுமே கேட்காது. டிக் டிக் என்றோ, நனைந்த துணியைப் பிழிவது போலவோ, விசில் போலவோ ஏதாவது கேட்டால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டு எலிகளில் பெரும்பாலானவற்றின் நுரையீரலில் மைக்கோபிளாஸ்மா கிருமி சின்ன வயதிலிருந்தே குடியிருக்கிறது. அது அடங்கியிருக்கும் வரை தொல்லையில்லை. கிளம்பியிருக்கும் நேரத்தில் மயக்க வாயு கொடுத்தால் எலி எழுந்திருக்காமல் போகலாம். இதற்காக அறுவை சிகிச்சையைக் கைவிட வேண்டியதில்லை. முதலில் நுரையீரலுக்கு மருந்து கொடுத்து, ஒன்றிரண்டு வாரம் பொறுத்துச் செய்யலாம். காத்திருப்பது சரி என்று நான் சொல்லும் ஒரே இடம் இதுதான்.

இரண்டாவது கைகள். வேகவைத்த கொண்டைக்கடலை ஒன்றைக் கொடுங்கள். ஆரோக்கியமான எலி இரண்டு கைகளாலும் ஏந்தி, உட்கார்ந்து, திருப்பித் திருப்பிக் கொறிக்கும். கைகளால் பிடிக்கத் தெரியாமல் தரையில் வைத்துத் தின்றாலோ, முன்கால்கள் விறைத்து நீண்டிருந்தாலோ, நடை தள்ளாடினாலோ, மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியிலும் கட்டி இருக்கலாம். வயதான பெண் எலிகளுக்கு அதுவும் அடிக்கடி வருவதுதான். அது சுரக்கும் புரோலாக்டின் என்ற ஹார்மோன் பால் சுரப்பிக் கட்டிக்கும் தீனி போடும், அதனால் இரண்டும் சேர்ந்தே வருவதுண்டு. இப்படிப்பட்ட எலிக்குத் தோலடிக் கட்டியை எடுப்பதால் கிடைப்பது மிகக் குறைவு. மருந்தால் கொஞ்ச காலம் தள்ளலாம். நான் கத்தியைத் தொட விடமாட்டேன். பின்கால்கள் மட்டும் தளர்ந்திருந்தால் அது வேறு. வயதான எலிகளுக்குச் சாதாரணமாக வருவது, அதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கண்ணோரமும் மூக்கோரமும் சிவப்பாகக் கசிந்தால் ரத்தம் என்று பதற வேண்டாம். அது போர்ஃபிரின், கண்ணுக்குப் பின்னால் உள்ள சுரப்பியிலிருந்து வரும் நிறம். எலி எதற்கோ சிரமப்படுகிறது என்பதை மட்டும் அது சொல்கிறது.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

நான் வசிக்கும் இங்கிலாந்தில் நூறாண்டுக்கு மேலாக எலி வளர்க்கிறார்கள். 1901-இல் ஆய்ல்ஸ்பரியில் மேரி டக்ளஸ் என்ற பெண்மணி தன் எலியைக் கண்காட்சிக்குக் கொண்டுபோனதிலிருந்து அந்தப் பழக்கத்தைக் கணக்கிடுகிறார்கள். அப்படிப்பட்ட நாட்டிலும் எல்லாக் கால்நடை மருத்துவர்களும் எலிக்கு அறுவை சிகிச்சை செய்வதில்லை. சென்னையிலோ கோவையிலோ இருப்பவர்கள் இன்னும் கொஞ்சம் தேட வேண்டியிருக்கும். நாய், பூனையோடு முயல், கினிப் பன்றி, பறவை பார்க்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். அவர்களிடம்தான் சின்ன உடலுக்கு ஏற்ற கருவிகள் இருக்கும்.

கேட்கக் கூச்சப்படாதீர்கள். இதுவரை எத்தனை எலிகளுக்குச் செய்திருக்கிறீர்கள், எத்தனை எழுந்தன என்று நேராகவே கேளுங்கள். நல்ல மருத்துவர் இதற்குக் கோபப்பட மாட்டார். மயக்கத்துக்கு ஐசோஃப்ளூரேன் அல்லது செவோஃப்ளூரேன் வாயு என்றால் நல்லது. அளவை நொடிக்கு நொடி கூட்டிக் குறைக்கலாம், நிறுத்தியதும் எலி விழித்துக்கொள்ளும். அடுத்து, எப்படிச் சூடாக வைத்திருப்பீர்கள் என்று கேளுங்கள். இவ்வளவு சின்ன உடல், ரோமம் மழித்த தோல், அதன் மேல் தடவிய ஸ்பிரிட், எல்லாம் சேர்ந்து சில நிமிடங்களில் எலியைக் குளிரவைத்துவிடும். கத்தியை விடக் குளிரால் இறக்கும் எலிகளே அதிகமோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. வெப்பத் தலையணை உண்டு, விழிக்கும் வரை எடுக்கமாட்டோம் என்று பதில் வர வேண்டும்.

"இரவிலிருந்து எதுவும் கொடுக்காதீர்கள்" என்று வரவேற்பு மேசையில் சொல்வார்கள். அது நாய்க்கும் பூனைக்கும் உள்ள விதி. எலியால் வாந்தி எடுக்கவே முடியாது, அதன் உடல் அமைப்பு அப்படி. ஆகவே உணவு மூச்சுக்குழாய்க்குள் போகும் என்ற பயம் இல்லை. இரவு முழுக்கப் பட்டினி போட்டால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கி அதுவே ஆபத்தாகும். வாயில் உணவுத் துணுக்கு ஒட்டியிருக்கக் கூடாது என்பதற்காக ஒன்றிரண்டு மணி நேரம் நிறுத்தினால் போதும். தண்ணீரை நிறுத்தவே வேண்டாம். இதை மருத்துவரிடமே நேரில் பேசி உறுதி செய்துகொள்ளுங்கள்.

தையலை வெளியே தெரியாமல் தோலுக்கு அடியில் போட்டு மேலே மருத்துவப் பசை ஒட்டச் சொல்லுங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நூலை எலி ஒரே இரவில் கடித்துப் பிரித்துவிடும்.

இனி, பலரும் பேசாமல் விட்டுவிடுகிற ஒரு கேள்வி. மேசையில் தோலைத் திறந்த பிறகு கட்டி அடியில் ஒட்டிப் பரவியிருக்கிறது, முழுதாக எடுக்க முடியாது என்று தெரிந்தால் என்ன செய்வது? மருத்துவர் தொலைபேசியில் கூப்பிடுவார். நீங்கள் பேருந்திலோ வேலையிலோ இருப்பீர்கள். யோசிக்க உங்களுக்கு 2 நிமிடம் இருக்கும். மயக்கத்திலேயே போக விடுவதா, இருப்பதை மட்டும் எடுத்துத் தைத்து, விழித்து இன்னும் சில வாரம் வாழ விடுவதா என்பதை முந்தின இரவே வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். சம்மதப் படிவத்தில் அதை எழுதியும் கொடுங்கள். எங்கள் வீட்டில் பேசினோம். பத்து வயது மகள், "அவளுக்கு வலிக்கும்னா எழுப்ப வேண்டாம்ப்பா" என்றாள். குழந்தைகளை அந்தப் பேச்சிலிருந்து விலக்கி வைக்காதீர்கள். எலியோடு தினமும் தரையில் உட்கார்ந்திருப்பது அவர்கள்தான்.

செலவைப் பற்றி ஒரு வார்த்தை. எலியை வாங்கிய விலையைப் போலப் பல மடங்கு ஆகும். வாங்கிய விலை இந்தக் கணக்கில் வரவே கூடாது. உங்களால் எவ்வளவு முடியும் என்பது மட்டும்தான் கேள்வி. முடியாது என்றால் அது வெட்கப்பட வேண்டிய பதில் இல்லை, மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். வலி மருந்தும் நல்ல முடிவும் கொடுக்க அதில் ஒரு பகுதியே போதும். திருச்சியிலிருந்து வந்திருந்த என் அம்மா, "எலிக்காடா ஆபரேஷன்?" என்று கேட்டார். மறுநாள் மல்லிக்குக் கேழ்வரகுக் கூழ் காய்ச்சியதும் அவர்தான்.

வீட்டுக்கு வந்த பிறகு

பெரிய கூண்டு வேண்டாம். ஏற இடமில்லாத தட்டையான பெட்டி, அடியில் வெள்ளைக் காகிதத் துணி. மரத்தூள் தையலில் ஒட்டும். வெள்ளை எதற்கு என்றால் கசிவு உடனே கண்ணில் படும். பெட்டியின் பாதிக்கு மட்டும் அடியில் மிதமான சூடு கொடுங்கள். வேண்டாம் என்றால் எலி மறுபாதிக்கு நகர்ந்துகொள்ளும். முதல் இரவு தயிர்ச்சாதம், குழைந்த பருப்புச் சாதம், மசித்த முட்டை என எதை விரும்புகிறதோ அது. உப்பும் காரமும் சேர்க்காதீர்கள். எலிகள் வியப்பூட்டும் வேகத்தில் தேறும். மல்லி வந்த இரண்டு மணி நேரத்தில் கூழ்க் கிண்ணத்துக்குள் முகத்தை விட்டுவிட்டாள்.

வலி மருந்தை மருத்துவர் சொன்ன நாட்கள் முழுவதும் கொடுங்கள். ஓடுகிறதே, எதற்கு மருந்து என்று நிறுத்தாதீர்கள். வேட்டையாடப்படும் விலங்கு வலியை மறைத்தே பழகியது. முகத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளலாம். மான்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-இல் எலியின் முகத்தில் வலி எப்படித் தெரிகிறது என்பதை வகுத்துக் கொடுத்தார்கள். கண் இடுங்கும். மூக்கும் கன்னமும் புடைப்பு இழந்து தட்டையாகும். காது சுருண்டு விலகும். மீசை விறைத்து நிற்கும். நன்றாக இருக்கும் நாளில் உங்கள் எலியை ஒரு புகைப்படம் எடுத்து வைத்தால் ஒப்பிடுவது எளிது.

ஒரு நாள் தனியாக இருந்தால் போதும். தையல் காய்ந்ததும், அடிதடி செய்யாத துணையோடு சேர்த்துவிடுங்கள். தனிமை எலியைக் கட்டியை விட வேகமாகச் சோர்வடையச் செய்யும். தையல் இடத்தில் மெத்தென்று நீர் கோர்த்தால் பெரும்பாலும் தானே வற்றும். சிவந்து சூடானால் அன்றே மருத்துவரிடம்.

மறுபடியும் வந்தால்

வரும் என்று எண்ணி வைத்துக்கொள்வதே நல்லது. எடுத்த கட்டி அதே இடத்தில் திரும்புவது குறைவு. ஆனால் சுரப்பித் திசு உடல் முழுக்க இருப்பதால் வேறோர் இடத்தில் புதிதாக ஒன்று முளைக்கும். நம் வீட்டு எலியும் ஆய்வுக்கூட எலியும் ஒரே இனம், அதனால் அங்கே கண்டது இங்கேயும் உதவுகிறது. சுமார் 3 மாத வயதிலேயே சூலகம் நீக்கிய பெண் எலிகளுக்குப் பால் சுரப்பிக் கட்டியும் பிட்யூட்டரி கட்டியும் பெரிதும் குறைந்தன. அளவாகச் சாப்பிட்டவற்றுக்கும் குறைந்தன. குட்டி எலி வைத்திருப்பவர்கள் இதை இப்போதே மருத்துவரிடம் பேசுங்கள். வயதான எலிக்குக் கட்டியோடு சேர்த்துச் சூலகத்தையும் எடுக்கலாமா என்றால், ஒன்றரை வயதுக்கு மேல் நான் தயங்குவேன். மயக்க நேரம் நீளும், பலனை அனுபவிக்க மிச்ச நாளும் குறைவு.

மல்லிக்கு 4 மாதம் கழித்து இடுப்போரத்தில் இரண்டாவது கட்டி வந்தது. அதே சோதனைகளை மறுபடியும் செய்தோம். மூச்சில் சத்தம் இருந்தது, மருந்துக்கு அடங்கவில்லை. கொண்டைக்கடலையைக் கையில் பிடிக்கவில்லை. இந்த முறை அறுக்க வேண்டாம் என்று முடிவு செய்தோம். அதே வீடு, அதே எலி, முதல் முறை சரியாக இருந்த பதில் இரண்டாம் முறை சரியில்லை.

அறுக்காமல் விடுவது என்றால் சும்மா இருப்பது இல்லை. தினமும் வலி மருந்து கொடுத்தோம். கூண்டின் மாடிகளை எடுத்து எல்லாவற்றையும் தரைமட்டமாக்கினோம். கட்டி உரசும் இடத்தில் மெத்தென்ற கம்பளித் துணி விரித்தோம். எந்த நாளில் நிறுத்துவது என்பதையும் முன்கூட்டியே காகிதத்தில் எழுதி வைத்தோம்: தோல் வெடித்தால், தன்னைத் தானே நக்கிச் சுத்தம் செய்வதை விட்டால், பிடித்த உணவை இரண்டு வேளை மறுத்தால். எழுதி வைக்காவிட்டால் ஒவ்வொரு நாளும் இன்னும் ஒரு நாள் என்று தள்ளிக்கொண்டே போவோம், அந்த ஒவ்வொரு நாளையும் எலிதான் சுமக்கும்.

கடைசி ஊசிக்கு முன் வாயுவால் முழுதாக மயக்கிவிடச் சொல்லுங்கள். விழித்திருக்கும் எலியின் வயிற்றில் நேரடியாக ஊசி போட ஒப்புக்கொள்ளாதீர்கள். உடலை வீட்டுக்குக் கேட்டு வாங்கி வாருங்கள். துணை எலி அதை முகர்ந்து பார்க்கட்டும். எங்கள் சுண்டு மல்லியைச் சுற்றி வந்து, காதை நக்கி, பக்கத்தில் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தாள். அன்று மாலை அவளையும் மடியில் வைத்து, கழுத்தடியிலிருந்து தொடை வரை விரலால் தடவிப் பார்த்தேன். ஒன்றும் தட்டுப்படவில்லை. தேதியை நோட்டில் குறித்துக்கொண்டேன். அடுத்த ஞாயிறு மறுபடியும் பார்க்க வேண்டும்.